குளிர் கேட்கும் செடிகள்

தைப்பொங்கல் வாரத்தில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால், சுகம் விசாரித்த சூட்டோடு ஒரு கேள்வி வரும்: “உங்கட கறிவேப்பிலை தப்பிச்சுதோ?” கேட்பவர் முகத்தில் உண்மையான கவலை இருக்கும். செப்டெம்பர் கடைசியில் உள்ளே தூக்கிவந்த சாடி அது. ஜனவரியில் பாதி இலை கொட்டி, யன்னலோரம் குச்சியாக நிற்கும். “இருக்குது அக்கா, நுனியில பச்சை தெரியுது” என்று சொன்னதும் இரண்டு பேருக்குமே நிம்மதி. வெளியே மைனஸ் 15 பாகை. பந்தல் கம்பிகளும் வேலியும் மட்டும் தெரிய, பின்வளவு முழுவதும் பனி.

தோட்டத்தைச் சில மாதம் பிரிந்திருப்பதைப் பெரிய துயரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அது மெய்யான ஏக்கம். மே கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, வேலைக்குப் போகுமுன் தேநீரோடு பின்வளவை ஒருமுறை சுற்றிவருவேன். பாவற்கொடி இரவோடிரவாக எந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறது, பயித்தங்காயில் எது இன்றைக்கே பிடுங்கவேண்டியது, கத்தரி இலையின் அடியில் என்ன பூச்சி முட்டையிட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடப்பேன். தக்காளியின் பக்கக் கிளையைக் கிள்ளிய விரலில் மத்தியானம் வரை அந்தப் பச்சை மணம் இருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் நான் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே ஏதோ ஒன்று என்னை எதிர்பார்த்து நிற்கும். டிசெம்பரில் இல்லாமற்போவது அதுதான். முருங்கைக்காயும் வெண்டிக்காயும் தமிழ்க் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். எங்களை எதிர்பார்த்து நிற்கும் செடியை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது.

தோட்டம் நின்றுபோவதற்குக் குளிரை மட்டும்தான் எல்லாரும் குற்றஞ்சாட்டுகிறோம். வெளிச்சமும் காரணம். டிசெம்பர் 21ஆம் திகதி ரொறொன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட நிறையாது. ஜூன் 21இல் அது பதினைந்தரை மணி நேரத்தை நெருங்கிவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்காலம் முழுவதும் மரக்கறி அறுவடை செய்து காட்டியவர் எலியட் கோல்மன். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அவர் தன் பண்ணையில் கண்ட உண்மை. மேலே கூடாரம் போட்டுக் குளிரைத் தடுத்தாலும் அப்படித்தான். இங்கே அந்தக் காலம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கிப் பெப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. அந்த மாதங்களில் எதையும் வளர்த்தெடுக்கலாம் என்று கோல்மன் எண்ணவில்லை. இலையுதிர் காலத்திலேயே வளர்த்து முடித்த கீரையையும் கரட்டையும் மண்ணில் அப்படியே நிற்கவிட்டு, வேண்டும்போது பிடுங்கினார். அந்தப் பத்து மணி நேர எல்லையை மீண்டும் தாண்டும் நாள் இதோ வந்துகொண்டிருக்கிறது. நாட்காட்டியில் அதற்குப் பெயர் கிடையாது. எனக்கோ அது ஒரு பண்டிகை நாள்.

யாழ்ப்பாணத்தில் பகல் இப்படி ஆளைக் கைவிடுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மாரி மழை ஓய்ந்து கிணறுகள் நிறைந்திருக்கும் தை மாதத்தில்தான் அங்கே வீட்டுத் தோட்டங்கள் செழித்து நிற்கும். சின்னம்மா வாட்ஸ்அப்பில் முற்றத்தைக் காட்டுவா. அவரைப் பந்தலில் இலை தெரியாத அளவுக்குப் பூ. “அங்க என்ன வைச்சிருக்கிறாய் தம்பி?” என்று கேட்பா. நான் போனை யன்னல் பக்கம் திருப்புவேன். “ஐயோ, எல்லாம் போட்டுதே!” என்பா. ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி, அதே பதைப்பு.

அந்த அவரையின் விதையை இங்கே ஊன்றிப் பார்த்தவர்களுக்கு அதன் கதை தெரியும். ஜூலையில் கொடி வேலியை மூடிவிடும். ஒரு பூக்கூட வராது. பகல் சுருங்கத் தொடங்கிய பிறகு, செப்டெம்பரில்தான் மொட்டு வைக்கும். அது பிஞ்சாகும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று பலர் கவலைப்படுகிறார்கள். காரணம் வேறு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலர்ட் என்ற இருவர் 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் கவனித்தது ஒரு புகையிலை வகையை. கோடை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் அது பூக்கவில்லை. அதையே கண்ணாடி வீட்டில் குளிர்காலத்தில் வளர்த்தபோது பூத்தது. கோடையிலும் பெட்டியால் மூடிப் பகலைக் குறுக்கிக் காட்டினால் பூத்தது. செடி பகலின் நீளத்தைக் கணக்கிடுகிறது என்பது அதிலிருந்துதான் தெளிவானது. எங்கள் பழைய அவரை வகைகளும் சிறகவரையும் குறுகிய பகலில் பூக்கும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஊரில் குறுகிய பகலைத் தொடர்ந்து தை மாத இதமான வெயில் வருகிறது. இங்கே அதே குறுகிய பகலைத் தொடர்ந்து உறைபனி வருகிறது. ஊர்க்கணக்கை வைத்துக்கொண்டு இந்த மண்ணில் பூக்கப் பார்க்கும் அந்தக் கொடியைப் பூவோடு அறுத்தெடுக்கும் நாள், ஆண்டில் எனக்கு மிகவும் கனமான நாள்.

குளிர்காலத்தைக் கடக்க நாங்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகள் எல்லாம் மதிக்கத்தக்கவை. பேஸ்மன்றில் விளக்குப் போட்டு வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். முருங்கையைச் சாடியில் வைத்து, இலை கொட்டிய தண்டை வெட்டிச் சுருக்கி, உறங்கவிட்டுக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கறிவேப்பிலையைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளிச்சம் குறைந்த மாதங்களில் அது அரைத்தூக்கத்தில் இருக்கும், தண்ணீர் அதிகம் குடிக்காது. இலை உதிர்கிறதே என்ற பதற்றத்தில் நாளாந்தம் தண்ணீர் ஊற்றுவதால்தான் பல சாடிகளில் வேர் அழுகுகிறது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். சூடாக்கியின் வறண்ட காற்றில் செதிற்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகும். இலைகளின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவந்தால் பெரும்பாலும் தப்பிவிடும்.

பச்சை பார்க்காமல் இருக்கமுடியாதவர்களுக்கு நகர மையத்தில் அலன் கார்டன்ஸ் இருக்கிறது. அங்குள்ள பனைமாளிகை 1910இல் கட்டப்பட்டது. அனுமதி இலவசம். கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை முகத்தில் அடிக்கும். கண்ணாடிக் கூரையின் கீழே வாழையும் பலவகைப் பனைகளும் நிற்கின்றன. பெப்ரவரியில் ஒரு பின்னேரம் வாழையைப் பார்த்தபடி அங்கே வாங்கில் இருந்துவிட்டு வருவது எனக்கு மருந்து.

ஆனால் இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. குளிர்காலம் எங்களுடையதல்ல, எப்படியாவது தாக்குப்பிடித்து மே மாதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம். இந்த நாட்டில் ஆண்டின் பாதி குளிர். அந்தப் பாதியை முழுவதுமாகத் தள்ளிவைத்துவிட்டு ஓர் இடத்தை எங்கள் வளவு என்று சொல்லமுடியுமா? பாவலும் புடோலும் மட்டுமே உள்ள தோட்டத்துக்கு நவம்பர் என்றால் முடிவு. குளிர் வந்தால்தான் வளரும் ஒன்றும் அங்கே இருந்தால் நவம்பரில் ஒரு தொடக்கமும் இருக்கிறது. இந்த வாரம் நான் சொல்லவந்தது இதைத்தான்.

எனக்கு இதைக் காட்டியவர் எங்கள் தெருவில் இருந்த இத்தாலிய முதியவர். ஒவ்வொரு நவம்பரிலும் தன் அத்திமரத்தின் ஒரு பக்க வேரை அறுத்து, மரத்தை மெல்லச் சாய்த்து, வெட்டிவைத்த குழியில் படுக்கவைப்பார். பலகை, இலைச்சருகு, மண் என்று மேலே போட்டு மூடுவார். ஏப்ரலில் திரும்ப நிமிர்த்துவார். ரொறொன்ரோவில் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் தங்கள் வளவுகளில் தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. எங்கள் கறிவேப்பிலைச் சாடிக்குப் பின்னால் இருக்கும் அதே பிடிவாதம் அந்த அத்திக்குப் பின்னாலும் இருக்கிறது. அந்த மனிதர் ஒரு ஒக்டோபரில் வேலிக்கு மேலால் ஒரு பை உள்ளிப்பூண்டை நீட்டினார். அத்திமரத்தைக் குளிரிலிருந்து காப்பாற்றவேண்டும், இதைக் குளிருக்குள் விடவேண்டும் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார்.

உள்ளியின் ஒழுங்கு அப்படிப்பட்டது. ஒக்டோபரில் ஒவ்வொரு பல்லாகப் பிரித்து, முனை மேலே பார்க்க நட்டு, வைக்கோலோ சருகோ போட்டு மூடிவிட வேண்டும். மண் உறையுமுன் அது வேர் விட்டுக்கொள்ளும். பிறகு வாரக்கணக்கான குளிர் அதன்மேல் கடந்துபோக வேண்டும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் அடுத்த கோடையில் கிழங்கு பல பற்களாகப் பிரியும். வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் பிரியாத ஒற்றை உருண்டைதான் கிடைக்கும். ஜூனில் பூந்தண்டு சுருண்டு வரும். அதை ஒடித்து வறுக்கலாம். ஜூலையில் கிழங்கு. 1980களில் இத்தாலியிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்த ‘மியூசிக்’ என்ற வகை இங்கே நன்றாக வருகிறது. பற்கள் பெரிது, உரிப்பது சுலபம். எங்கள் சமையலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர் தந்த உள்ளியை நட்ட வருடத்திலிருந்து பனி விழும்போது என் மனம் வேறாக இருக்கிறது. முன்பு பனி என்றால் தோட்டம் அதற்கடியில் போய்விட்டது என்ற நினைப்பு. இப்போது உள்ளிப் பாத்தியைத்தான் முதலில் பார்ப்பேன், பனி போதிய கனத்துக்கு மூடியிருக்கிறதா என்று. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்று கம்பளிபோல மண்ணின் சூட்டைப் பிடித்துவைக்கிறது. வெளியே மைனஸ் 20 பாகை இருக்கையில், தடித்த பனிக்கு அடியில் மண் சுழியத்தை ஒட்டியே நிற்கும். வேருக்கு ஆபத்து பனி இல்லாத கடுங்குளிரில்தான். உறைந்தும் உருகியும் மண் பொருமும்போது நட்ட பல் மேலே தள்ளப்பட்டுவிடும். ஆகவே வாசற்பனியை அள்ளும் நாளில் உப்புப் படாத பனியில் கொஞ்சத்தை உள்ளிப் பாத்திக்கு மேல் கொட்டுவேன். முன்பு அலுப்பாக இருந்த வேலை அது.

உள்ளி மட்டுமல்ல, குளிரைக் கேட்கும் செடிகள் நிறைய உண்டு. ரியூலிப் கிழங்குக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரக் குளிர் தேவை. அது கிடைத்தால்தான் மே மாதத்தில் தண்டு நீண்டு பூக்கும். ஒட்டாவாவின் ரியூலிப் விழாவைப் பார்க்க எங்கள் ஆட்கள் பேருந்து பிடித்துப் போகிறார்கள். அந்தப் பூக்களின் கதையிலும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1943 ஜனவரி 19இல் அவருக்கு அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. போர் முடிந்த 1945இல் நன்றியாக ஒரு இலட்சம் ரியூலிப் கிழங்குகள் ஒட்டாவாவுக்கு வந்துசேர்ந்தன. இன்றும் ஆண்டுதோறும் வருகின்றன. புகலிடம் தேடி வந்தவர்கள் திருப்பிக் கொடுத்தது, இந்த நாட்டின் குளிரை வாங்கிக்கொண்டு பூக்கும் ஒன்றை. அகதிகளாக வந்த எங்களுக்கு அந்தப் பரிசின் பொருள் நன்றாகவே விளங்கும்.

ஆப்பிளும் அப்படியே. பல வகைகளுக்கு 7 பாகைக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம் கழிந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். 1811இல் ஒன்ராறியோவின் டண்டேலா என்ற ஊரில் ஜோன் மக்கின்டொஷ் கண்டெடுத்த கன்றுகளிலிருந்துதான் இன்று அவர் பெயரால் வழங்கும் ஆப்பிள் வந்தது. யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எருப்போட்டாலும் அந்த மரம் காய்க்காது. அங்கே அவரை பூக்கிறது, இங்கே ஆப்பிள் பூக்கிறது. இரண்டையும் தன் வாழ்நாளில் பார்த்தவன் நான் என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

மண்ணுக்குள் செடிகள் மட்டும் காத்திருக்கவில்லை. வண்டுத்தேனீயின் கூட்டம் இலையுதிர் காலத்தோடு மடிந்துவிட, கருவுற்ற இளம் இராணி மட்டும் தனியாக மண்ணில் குடைந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் அது எழுந்துவந்து புதிதாகக் கூடு கட்டினால்தான் எங்கள் பூசணிக்கும் தக்காளிக்கும் பூப்பூவாகச் சுற்றும் தேனீக்கள் வரும். ஆகவே சருகு முழுவதையும் வாரிப் பையில் கட்டி வீதியில் வைக்காதீர்கள். ஒரு மூலையிலாவது கிடக்கட்டும்.

ஏக்கமும் இந்த மாதங்களில் ஒரு வேலை செய்கிறது. கோடையில் செடியைப் பார்க்கிறோம். தோட்டத்தைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. எல்லாம் மூடிய பிறகுதான் எந்த மூலைக்கு வெயில் வரவில்லை, எந்தப் பந்தல் பக்கத்துப் பாத்திக்கு நிழல் விழுத்தியது, எதை வைத்தபோது மனம் மகிழ்ந்தது என்பதெல்லாம் தெளிவாகின்றன. நினைவில் திரும்பத் திரும்ப வரும் செடி எதுவோ அதற்குத்தான் அடுத்த வருடம் நல்ல இடம் கொடுக்கவேண்டும். நான் அப்பியாசக் கொப்பி ஒன்றில் பாத்திகளை வரைவது ஜனவரியில்தான். விதைப் பட்டியல்கள் தபாலில் வருவதும் இப்போதுதான். 1990இல் வன்கூவரில் தொடங்கிய ‘சீடி சாட்டர்டே’ விதைச் சந்தை இப்போது கனடா முழுவதும் நடக்கிறது. ரொறொன்ரோவிலும் குளிர்காலக் கடைசியில் நடக்கும். மேசைகளில் வீட்டில் எடுத்த விதைகளை வைத்துக்கொண்டு பல நாட்டு மனிதர்கள் நிற்பார்கள். பொங்கல் வீடுகளில் எங்கள் அம்மாமார் கடதாசியில் மடித்துக் கைமாற்றும் பாவல் விதைகளும் பூசணி விதைகளும் அந்த மேசைகளுக்குப் போகவேண்டும். அங்கிருந்து இந்த மண்ணின் விதைகள் எங்கள் கைக்கு வரவேண்டும்.

இந்த வாரமே மண்ணில் கை வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செடி சொல்கிறேன். மில்க்வீட். ஊரில் எருக்கலையில் முட்டையிடும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவுதான் இங்குள்ள மொனார்க். எருக்கலைக்கு உறவான மில்க்வீட்டில்தான் மொனார்க் முட்டையிடும், அதன் புழுவுக்கு வேறு உணவு கிடையாது. இலையுதிர் காலத்தில் மொனார்க் எங்கே போகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் தேடியவர் பிரெட் ஏர்க்கார்ட். ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மனைவி நோராவோடு சேர்ந்து, சிறகில் ஒட்டும் சிறு அடையாளச் சீட்டுகளையும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களையும் கொண்டு அவர் நடத்திய தேடல் 1975 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அவர்களுடைய துணையாளர்களான கென் புரூகரும் கற்றலினா அகுவாடோவும் மெக்சிக்கோவின் மலைக்காட்டில், மரம் தெரியாமல் மொய்த்திருந்த மொனார்க்குகளைக் கண்டார்கள். இங்கிருந்து 3,000 கிலோமீற்றருக்கு மேல். இந்த நேரம் அவை அங்கே இருக்கின்றன. கோடையில் இங்கே வந்துசேர்பவை பெரும்பாலும் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வந்ததும் அவை தேடுவது மில்க்வீட்டை. ஒன்ராறியோவில் 2014 வரை அது அழிக்கவேண்டிய களைகளின் பட்டியலில் இருந்தது. இப்போது தாராளமாக வளர்க்கலாம்.

அதன் விதைக்கும் ஈரக் குளிர் வேண்டும். ஆகவே விதைக்கும் காலம் இதுதான். தண்ணீர் வாங்கும் ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்ரிக் போத்தலைப் பாதிக்குக் குறுக்கே வெட்டுங்கள். அடியில் துளைகள் இடுங்கள். நான்கு விரல் உயரத்துக்குச் சாடிமண் நிரப்பி நனைத்து, விதையைத் தூவி, மெல்லிதாக மண் மூடுங்கள். மேல்பாதியைத் திரும்ப ஒட்டி, மூடியைக் கழற்றிவிட்டு வெளியே பனியில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைக் குளிரும் உருகும் பனியும் பார்த்துக்கொள்ளும். சிறிய வளவுக்குச் சதுப்பு மில்க்வீட் நல்லது. சாதாரண வகை வேர் ஓடிப் பரவும். இரண்டின் பாலும் கண்ணில் படக்கூடாது, பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் முளைகள் தெரியும். பிறகு பாத்திக்கு மாற்றலாம். முதல் வருடம் பூக்காமல் போகலாம். வேர் நிலைத்துவிட்டால் அடுத்த குளிர்காலத்தையும் அதற்கடுத்ததையும் யார் உதவியும் இல்லாமல் கடந்து, தன் பாட்டில் எழுந்துவரும். கறிவேப்பிலைச் சாடியைக் காப்பாற்றும் ஒவ்வொரு தமிழ் வீட்டு வளவிலும் அப்படி ஒன்றாவது வேரோடியிருக்கவேண்டும் என்பதே என் விருப்பம். விதைக்க இன்னும் நேரமிருக்கிறது. பெப்ரவரி முடிவதற்குள் போத்தலை வெளியே வைத்துவிடுங்கள்.